அக்னி பகவானுக்கு எதை ஊட்டுகிறோம்?

போகிக்கு முதல் நாள் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? பரணிலிருந்து கிழிந்த பாய் இறங்கும். பஞ்சு பிதுங்கும் தலையணை, கைப்பிடி அறுந்த பிளாஸ்டிக் கூடை, பையனின் பழைய ஷூ, எப்போதோ மாற்றிய ஸ்கூட்டர் டயர்... எல்லாம் வாசல் ஓரத்தில் குவியும். மறுநாள் விடிவதற்குள், வாசல் தெளித்துக் கோலம் போடும் முன்பே, அத்தனையும் எரிந்து கரும்புகையாகி இருக்கும். பிள்ளைகள் போகி மேளம் கொட்டுவார்கள். 'அப்பாடா, பழசெல்லாம் போச்சு' என்று நாமும் தலைக்குக் குளிக்கப் போய்விடுவோம்.

போச்சு என்கிறோமே... எங்கே போச்சு?

கொருக்குப்பேட்டையில் குடியிருக்கும் ஒரு சகோதரி இதையே திருப்பிக் கேட்டார். ''எங்களுக்கு ஒரு பக்கம் மணலி, ஒரு பக்கம் எண்ணூர், இந்தப் பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு. வருஷம் 365 நாளும் யாரோ விடுற புகையைத்தான் நாங்க சுவாசிக்கிறோம். அப்பல்லாம் வராத சட்டமும் தர்மமும், நாங்க ஒரே ஒரு நாள் ரெண்டு பாயைக் கொளுத்தும்போது மட்டும் வாசல்ல வந்து நிக்குதே... இது நியாயமா?''

கோபத்தில் கேட்ட கேள்வி. ஆனால், நியாயமான கேள்வி. 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று ஒரு வாசகத்தைச் சொல்லி இதைத் தட்டிக் கழிப்பது மரியாதை இல்லை. நம் பெரியவர்கள் நெருப்பைப் பற்றி என்ன சொல்லி வைத்தார்கள் என்று பார்த்துவிட்டு, இதற்குப் பதில் தேடலாமே!

அடுப்பின் கணக்கு

தர்ம சாஸ்திரத்தில் 'பஞ்ச சூனை' என்று ஒரு விஷயம் உண்டு. சூனை என்றால் உயிர் வதை நடக்கும் இடம். கசாப்புக் கடையைச் சொல்லவில்லை. நம் வீட்டுக்குள்ளேயே அப்படி ஐந்து இடங்கள் இருக்கின்றனவாம். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். அடுப்பு மூட்டும்போது விறகில் இருந்த எறும்பு சாகிறது. பெருக்கும்போது பூச்சி சாகிறது. நாம் நினைத்துச் செய்வதில்லை, ஆனாலும் நடக்கிறது. இல்லறத்தார் இந்தப் பாவம் தீர, தினமும் ஐந்து வேள்விகள் செய்ய வேண்டும் என்று விதித்தார்கள். அதில் ஒன்று, பிற உயிர்களுக்கு உணவிடுவது. சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி சாதம் வைக்கிறீர்களே, அது இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? அடுப்பே மூட்டாதே என்று சாஸ்திரம் சொல்லவில்லை. அடுப்பு இல்லாமல் குடும்பம் ஏது! 'உன் அடுப்பால் யாருக்கு என்ன நேர்ந்தது என்ற கணக்கை நீ வைத்துக்கொள்' என்றுதான் சொல்கிறது. எதிர்வீட்டு அடுப்பு என் அடுப்பைவிடப் பெரியது என்பது அந்தக் கணக்கில் ஒரு பதிலாகவே வராது. எறும்புக்கே இந்தக் கணக்கு என்றால், மாடி போர்ஷனில் இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு?

சகோதரியின் கேள்வியில் மறுபாதியும் உண்டு. பெரிய அடுப்புக்காரர்களுக்குக் கணக்கு இல்லையா? உண்டு, பெரிய கணக்கே உண்டு. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி, கைக்குழந்தையோடு வீதிக்கு ஓடிவந்தார்கள். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வரப்போகிறது என்றதும், 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். 'எங்கள் மூச்சில் குப்பையை எரிக்காதே' என்பதுதான் அதன் பொருள். அந்தக் கோரிக்கையில் முழு நியாயம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்... அதே தெருவில், அதே குப்பையை, போகியன்று நம் கையாலேயே கொளுத்தினால் அந்தக் கோரிக்கையின் கால் உடைந்துபோகும். ஏற்கெனவே 365 நாள் பாரம் சுமக்கும் நுரையீரல் நம் குழந்தையுடையது. மேலே இன்னொரு மூட்டையை ஏற்றுவது யார் என்பதுதான் கேள்வி.

'ஒரு நாள்தானே' என்ற சமாதானத்தை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். வீசிங் வருகிற குழந்தைக்கு வருஷ சராசரி என்று ஒன்று கிடையாதம்மா. அந்த ஒரு நாளில்தான் அதற்கு மூச்சு நிற்கும்.

தேவர்களின் வாய்

அக்னியை 'தேவர்களின் வாய்' என்பார்கள். ஹோமத்தில் நாம் இடும் ஆகுதியை எந்த தேவதைக்குச் சேர வேண்டுமோ, அந்த தேவதையிடம் கொண்டு சேர்ப்பவர் அவர்தான். ஆகவேதான் ஹோமத்துக்கு அரசு, ஆல், அத்தி, பலாசு என்று தேடித் தேடிச் சமித்து வாங்குகிறோம். நெய் சுத்தமானதுதானா என்று முகர்ந்து பார்க்கிறோம். அசுத்தமான பொருளைத் தீயில் போடக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, தீயைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் தர்ம சாஸ்திரம் தடுத்து வைத்திருக்கிறது.

அந்த வாயில் நாம் ரப்பர் டயரை ஊட்டுகிறோம்!

டயரில் ரப்பரோடு கந்தகமும் எண்ணெயும் கரித்தூளும் கலந்திருக்கின்றன. எரிந்தால் கந்தக டை ஆக்ஸைடும் கார்பன் மோனாக்ஸைடும் பென்சீனும் புகையில் வரும். பி.வி.சி. பொருள்களை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும், புற்றுநோய் உண்டாக்கும் டையாக்ஸினும் வரும். அதிலும் மார்கழிக் கடைசி விடியற்காலை இருக்கிறதே, புகைக்கு அதைவிடப் பொல்லாத நேரம் வேறில்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று, பாத்திரத்துக்கு மூடி போட்டது போல் நிற்கும். அடியில் எழும் புகை அந்த மூடியைத் தாண்டி மேலே போகாது. பனியோடு கலந்து, நாம் மூச்சு விடும் உயரத்திலேயே படுத்துவிடும். 2018 ஜனவரி 13, போகியன்று இப்படித்தான் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல், தரையிறங்க வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விமானத்தைத் திருப்பி அனுப்பலாம். ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் பிள்ளைத்தாச்சிப் பெண்ணை எங்கே திருப்பி அனுப்புவது?

சரி, நம் சம்பிரதாயத்தில் பெருநெருப்பே கிடையாதா? ஏன் இல்லை! திருக்கார்த்திகையன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள், திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் தரிசிக்கப் போவீர்களே, அதே கார்த்திகைதான். சொக்கப்பனையை எப்படி அமைக்கிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள். பனைமரத் தண்டை நட்டு, காய்ந்த பனையோலை கட்டுவார்கள்; ரப்பரோ நைலானோ அதில் கிடையாது. கூரைக்கும் பந்தலுக்கும் தள்ளி, திறந்த வெளியில் வைப்பார்கள். பூஜை முடிந்து, சுவாமி எழுந்தருளிய பிறகு, அதற்கென்று உள்ளவர்தான் தீ மூட்டுவார். ஊரே சுற்றி நின்று பார்க்கும், பார்த்துக்கொள்ளவும் செய்யும். எரிந்த சாம்பலைப் பிரசாதமாக எடுத்துப் போகிறவர்கள் உண்டு. நம் வாசலில் டயர் எரிந்த இடத்துக் கரியை யாராவது நெற்றியில் இட்டுக்கொள்வார்களா?

ஹோம குண்டத்துக்கும் நான்கு பக்கம் கரை உண்டு. சம்பிரதாயத்தில் நெருப்பு எப்போதும் கரை கட்டிய நெருப்புதான். இடம், நேரம், பொருள், ஆள் என்று எல்லாவற்றுக்கும் வரம்பு இருக்கிறது. இன்றைய சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதே நான்கைத்தான் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

போகி என்பது இந்திரனுக்கு ஒரு பெயர். மழைக்கு அதிபதியான அவனுக்கு நன்றி சொல்லும் நாள் அது. வைணவத் தலங்கள் பலவற்றில் அன்றுதான் ஆண்டாள் திருக்கல்யாணம். போகியன்று பழைய-புதிய என்று நாம் எல்லோரும் சொல்லும் வாசகம்கூட, பவணந்தி முனிவரின் நன்னூலில் இருப்பது. அது இலக்கண நூல். பழைய சொற்கள் வழக்கொழிந்து புதியவை வருவது தவறல்ல என்று சொல்ல வந்த சூத்திரம் அது. பாயைக் கொளுத்தச் சொன்னது அல்ல, பாவம்!

வடசென்னையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டில் போகித் தீக்கென்று பசுஞ்சாணத்தில் சின்னச் சின்ன வறட்டி தட்டி, நடுவில் ஓட்டை போட்டு மாலையாகக் கோத்துவைக்கும் வழக்கம் உண்டு. சாயங்காலம் 'போகிப் பள்ளு' என்று இன்னொன்று செய்வார்கள். சின்னக் குழந்தையை மணையில் உட்காரவைத்து, இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, பூவிதழ், காசு எல்லாம் கலந்து தலையில் சொரிந்து திருஷ்டி கழிப்பார்கள். உதிரும் காசைப் பொறுக்கத் தெருக் குழந்தைகள் போடும் ஆட்டம் இருக்கிறதே... அதற்கு எந்த நெருப்பும் ஈடாகாது. உங்கள் பக்கத்து வீட்டில் நடந்தால் அவசியம் போய்ப் பாருங்கள்.

இப்போது சட்டம். குப்பையை வெளியில் போட்டு எரிக்கக் கூடாது என்று 2016-ஆம் வருட திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன. அதே வருடம் டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவிட்டது. சமீப வருடங்களில் போகிக்கு முந்தைய நாட்களில் பழைய துணி, பாய், டயர் முதலானவற்றைத் தூய்மைப் பணியாளர்களிடமே கொடுக்கும்படி சென்னை மாநகராட்சி கேட்டு வாங்கிக்கொள்கிறது. உடுத்தும் நிலையில் உள்ள துணியைத் துவைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைத் தனியாகக் கட்டி வையுங்கள். நாலு பழைய வறட்டியோ விறகுக் குச்சியோ வைத்து சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி நெருப்பு வேண்டும் என்று மாமியார் பிரியப்பட்டால்? அதிலும் புகை உண்டுதான். சின்ன மண்சட்டியில் ஏற்றி, கூடவே நின்று, அவிந்ததும் நீர் தெளித்துவிடுங்கள். அவர் மனசும் நோகாது.

எதிர்வீட்டுப் பையன் டயரை உருட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? அந்த நேரத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. முதல் நாள் சாயங்காலமே அவன் அம்மாவிடம், ''அக்கா, எங்க அத்தைக்கு மூச்சு இழுக்குது. நாளைக்கு நம்ம வாசல்ல மட்டும் டயர் வேணாமே'' என்று சொல்லிப் பாருங்கள். அத்தையின் பெயரைச் சொன்னால் கேட்கிறவர்கள், சட்டத்தின் பெயரைச் சொன்னால் கேட்பதில்லை. இது என் அனுபவம்.

கேட்காமல் போன குரல்

தீபாவளிக்கு வருவோம். எண்ணெய் ஸ்நானமும் தீபமும் நரக சதுர்த்தசிக்கு உரியவை. வெடி அப்படிப்பட்ட விதி அல்ல. வெடிமருந்து நம் நாட்டுக்கு வந்ததே புராண காலத்துக்கு வெகு பின்னால். 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே நடந்த விழாவில் வாணவேடிக்கை பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். அது அரசர்களின் ஆடம்பரம். நமக்குக் கைக்கெட்டும் விலையில் பட்டாசைக் கொண்டுவந்தது சிவகாசி. குழந்தைகளின் சந்தோஷத்துக்கு வெடிக்கிறோம், அது தவறில்லை. 'வெடிக்காவிட்டால் தெய்வக் குற்றம்' என்று மட்டும் யாரும் பயப்பட வேண்டாம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் வெடிகள் கூடாது என்று 2005 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'நீதிமன்றத்துக்கு நம் பண்டிகைமேல் என்ன கோபம்?' என்று கேட்பவர்கள் அந்த வழக்கின் தொடக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1998 ஜனவரியில் செய்தித்தாள்களில் வந்த சம்பவம் அது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். அவள் போட்ட கூக்குரல், அக்கம்பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கிப் பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அவள் தனக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள். இதைப் படித்த ஒரு பொறியாளர் தொடுத்த பொதுநல வழக்கில்தான் ஒலிபெருக்கியோடு பட்டாசுச் சத்தமும் விசாரணைக்கு வந்தது.

நம் சத்தத்துக்கு நடுவே யாருடைய குரல் கேட்காமல் போகிறது என்பது நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. இதில் என்னை உறுத்துவது அதுதான்.

பிறகு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. நாம் விடியற்காலையில் கொண்டாடுகிறவர்கள் என்று தமிழக அரசு எடுத்துச் சொன்னபின், அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ளலாம் என்றது. அப்படி வந்ததுதான் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அந்த முதல் வருடம் நேரம் தவறி வெடித்ததற்காகத் தமிழ்நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. நாலு மணிக்கே கங்கா ஸ்நானம் முடித்து, புதுத்துணி உடுத்தி, விளக்கேற்றி, மருந்து சாப்பிட்டுவிட்டு ஆறு மணிவரை பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்வது கஷ்டம்தான். ஸ்வாமி அறையில் உட்கார்த்தி நரகாசுரன் கதையைச் சொல்லுங்கள். சத்யபாமா வருகிற இடத்தில் மணி ஆறாகிவிடும்!

அதே 2018 உத்தரவில் சரவெடிக்கும், பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை வந்தது. 2023-லும் தயாரிப்பாளர்கள் கேட்டபோது உச்ச நீதிமன்றம் தளர்த்த மறுத்துவிட்டது. 'பசுமைப் பட்டாசு' என்று பெட்டியில் முத்திரை பார்த்து வாங்குங்கள். ஆனால், பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். சுமார் 30 சதவிகிதம் புகை குறையும், அவ்வளவே. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது. தீபாவளிக்கு மறுநாள் வாசலில் சிவப்புக் கம்பளமாகக் கிடக்கும் வெடிக் காகிதத்தையும் கோலம் போடும் அவசரத்தில் சாதாரணக் குப்பையோடு கலந்துவிடாதீர்கள். மாநகராட்சி அதைத் தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைக் கையாளும் இடத்துக்கு அனுப்புகிறது. அதைப் பெருக்குகிறவரும் கைக்கு உறை இல்லாமல் அள்ளுகிற ஒரு வீட்டுப் பெண்தான் பல இடங்களில்.

கொருக்குப்பேட்டைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒன்று, மின்சார ரயில். தீவுத்திடலில் மொத்தமாகப் பட்டாசு வாங்கி, பையில் போட்டு ரயிலேறிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கக் கூடாது. ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தை விடுங்கள், நெரிசலான பெட்டியில் ஒரு பொறி போதுமே! இன்னொன்று, ராக்கெட். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் பெட்ரோலிய எண்ணெய்க் கிடங்குகளும் சரக்கு ரயில் யார்டும் இருக்கின்றன. பாட்டிலில் வைத்துக் கொளுத்தும் ராக்கெட் எங்கே போய் விழும் என்பது கொளுத்தியவருக்கே தெரியாது. நெருப்பில் அஜாக்கிரதையாக இருந்து பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ரயில்வே கேட்டில் காத்திருந்து பழகியவர்கள் நீங்கள். தீயணைப்பு வண்டியும் அதே கேட்டில் நிற்க நேரலாம் என்பதை நினைத்துக்கொண்டால், ராக்கெட் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வரத் தோன்றும்.

குறுகலான சந்தில் பைக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் டேங்கிலும் பெட்ரோல். மேலே கொடியில் துணி. ஆகவே, புஸ்வாணம் சங்குசக்கரம் வைக்கும் முன் வண்டிகளை நகர்த்தச் சொல்லுங்கள், கொடியைக் காலி செய்யுங்கள். பட்டாசுப் பையை சமையலறையிலும் ஸ்வாமி விளக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது. பட்டுப்பாவாடையைப் பூஜைக்கு உடுத்திவிட்டு, வெடிக்கும்போது மட்டும் குழந்தைக்கு உடம்போடு ஒட்டிய பருத்தி உடை மாற்றுங்கள். நைலான் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். சாதுவாகத் தெரியும் கம்பி மத்தாப்பு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூடு உள்ளது. எரிந்த கம்பியை உடனே போட வாசலில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். வெறுங்காலோடு மிதிப்பது மிச்சமாகும். புஸ்ஸென்று போன வெடியைக் குனிந்து பார்க்க யாரையும் விடாதீர்கள். தூர நின்று தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

இத்தனைக்கும் மீறிச் சுட்டுவிட்டால், தோசை மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் ஸ்டான்லி இருக்கிறது. தீக்காயத்துக்கென்றே தனி வார்டு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கிறது. கண்ணில் பட்டால் கசக்காமல், கண்ணுக்கு எந்தச் சொட்டுமருந்தும் நீங்களாக விடாமல், எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள். தீபாவளியன்றும் டாக்டர்கள் அங்கே இருப்பார்கள்.